தெளிந்திருக்க வேண்டிய குழிகள்

என் மகளின் ஆராய்ச்சிக்காக ஒருமுறை ரத்தம் கொடுத்தேன். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. ஜோகுபாளையத்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். விடாத காய்ச்சலில் தொடங்கிய நோயில் அவள் அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அவளுக்கு நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும். வழக்கமாகக் கொடுக்கும் சக மாணவிக்குச் சளி. "நீ வாயேம்மா, உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்றாள். போனேன்.

ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, சின்னக் குழிகள் கொண்ட தட்டில் வளர்ப்பார்கள். கிருமியின் துணுக்கு பட்டால், அணுவின் மேற்புறத்தில் எழும் செய்தி உள்ளே ஒரு புரதத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிப் போய், சைட்டோகைன் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்க வைக்கும். காய்ச்சலும் வீக்கமும் அதனால் வருபவைதான். வழியில் எந்தப் புரதத்தைத் தடுத்தால் சுரப்பு குறைகிறது என்று பார்ப்பது அவள் வேலை. சோதனையில் சைட்டோகைன் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். கிருமித் துணுக்கு எதையும் சேர்க்காத குழிகள் மட்டும் தெளிந்தே இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை வந்தவள், பையைக்கூட இறக்காமல் என் கழுத்தின் இரு பக்கமும் அழுத்திப் பார்த்தாள்.

"ஏம்மா, தூங்கும்போது வேர்க்குதா? எடை குறைஞ்சிருக்கா?"

"சும்னே பயமுறுத்தாதடி. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமே சேர்க்காத குழியெல்லாம் மஞ்சளா இருக்கும்மா. உன் அணு யாரும் தொடாமலே கத்துது."

இதே கேள்விகளைத்தான் அவள் அப்பாவிடமும் டாக்டர்கள் முதலில் கேட்டார்கள்.

தெரு முனை டாக்டர் பரிசோதனை எல்லாம் செய்துவிட்டு, "ஏனூ இல்லம்மா" என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். ஒன்றுமில்லை என்றதை நான் நம்பவில்லை. எந்தச் சாவி எந்த அலமாரிக்கு என்று மகளிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.

அடுத்த வாரம் வாசலிலிருந்தே குரல் வந்தது.

"அம்மா, என் ரத்தத்தை வெச்சுப் பார்த்தேன், என்னுதும் மஞ்சள்!"

"அதுக்கு ஏண்டி சிரிக்கிறே? ரெண்டு பேருக்கும் ஒரே வியாதியா?"

"வியாதி தண்ணிக்கும்மா!"

அணுக்களுக்கென்று விலைக்கு வாங்கும் நீர் தீர்ந்துபோனதால், ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரை நீராவியில் வேகவைத்துப் பயன்படுத்தியிருக்கிறாள். அந்தச் சூட்டில் கிருமிகள் செத்தன. அவற்றின் தோல் துணுக்குகள் அழியவில்லை. அது போதும், அணுக்கள் விழித்துக்கொள்ள. "முதல் வருஷப் பசங்க பண்ற தப்பும்மா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. இன்னொரு முறை ரத்தம் எடுக்கச் சொன்னேன். வாங்கிய நீரில் அவளுடையதையும் என்னுடையதையும் சேர்த்தே வைத்தாள். சோதனை முடிந்த அன்று என்னையும் ஆய்வகத்துக்கு வரச் சொன்னாள்.

இன்றும் குளிக்கும்போது என் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. அப்போதெல்லாம் அந்தத் தட்டை நினைத்துக்கொள்வேன். அன்று அதை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "இந்த வரிசை நீ, அது நான்" என்று காட்டினாள். இரண்டு வரிசைகளின் வழியாகவும் ஜன்னல் கம்பி அப்படியே தெரிந்தது.