பிரேக் மேல் இருந்த கால்

மாமா எங்கள் காரின் பிரேக்கைச் சரிசெய்ய வந்த அன்று, அவரைக் கண்காணிக்கும் வேலையை அப்பா எனக்குக் கொடுத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. யாரோடும் பேசாத பையன் என்பதால் நான் பக்கத்தில் நிற்பதே யாருக்கும் தெரியாது. வேவு பார்க்க வேறென்ன தகுதி வேண்டும்?

மாமா அம்மாவின் தம்பி. திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் மெக்கானிக். எங்கள் வீடு ராயபுரத்தில், கடலுக்குக் கிட்டத்தில். ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு, துறைமுகத்துக்கு வரும் கப்பல் ஆட்களை ஏற்றி இறக்கித்தான் அப்பா பிழைத்தார். உப்புக் காற்றில் முன்சக்கரத்து காலிப்பர்கள் துருப்பிடித்து இறுகிவிட்டன. சக்கரத்தின் தட்டைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துவது காலிப்பர்தான். அது இறுகியதால், பிரேக் போட்டால் கார் ஒரு பக்கமாக இழுத்தது. உள்ளே போட வேண்டிய புது பிஸ்டனையும் ரப்பரையும் அப்பாவே வாங்கி வந்திருந்தார்.

"புதுச அமுக்கிட்டு பழசயே கழுவி மாட்டிடுவான். கண்ண அந்தாண்ட எடுக்காத" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார். இரவல் வாங்கிப்போன ஜாக்கியை மாமா திருப்பித் தராத நாளிலிருந்து அப்பாவுக்கு அவர் திருடன்.

மாமா என்னைப் பார்த்ததும் சிரித்தார். "இன்னா மாப்ள, காவலுக்கு வந்துகினியா?"

அவர் காலிப்பரைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பூட்டும்வரை அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று முறை அவர் முதுகு மறைத்தது. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

கடைசியாக, பிரேக் எண்ணெய்க் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்காது என்றார். சக்கரத்தருகே இருந்த திருகில் ஆஸ்பத்திரி குளுக்கோஸ் டியூபைச் செருகி, மறுமுனையை ஒரு பாட்டில் எண்ணெய்க்குள் விட்டார்.

"உள்ள குந்து மாப்ள. அமுக்குன்னா அமுக்கு. வுடுன்னு சொல்றவரிக்கும் கால எடுக்காத."

சீட்டில் உட்கார்ந்தால் சக்கரம் தெரியவில்லை. என்னை இங்கே ஏற்றிவிட்டதே அதற்காகத்தான் என்று தோன்றியது. அமுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய கருவிப் பைக்குள் 'டங்'கென்று இரும்பு விழும் சத்தம் கேட்டது. எக்கி ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெறும் ஸ்பேனர்தான். அதற்குள் என் கால் பிரேக்கிலிருந்து விலகிவிட்டது.

மாமா டியூபைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். அது பஞ்சுபோல அடிவரை போனது.

"பழசயே மாட்டிக்கிறான் பாரு!" அப்பாவின் குரலுக்குத் தெருவே திரும்பியது. அம்மா வாசலுக்கு வந்தாள்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "ஏந்தப்புதான் மாமா. இன்னொரு தபா ஏர் எடுத்தா சரியாப் பூடும்."

"கயட்டிக் காட்டுடா."

அத்தனை பேர் முன்னால் மாமா இரண்டு சக்கரத்தையும் மறுபடி பிரித்தார். பிஸ்டன்கள் புதுசாகப் பளபளத்தன. அப்பா பீடி பற்ற வைத்தார். மாமா எல்லாவற்றையும் பூட்டி முடித்து, அப்பாவைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த தபா கால எடுக்காத."

பிரேக் கல்லுமாதிரி நின்றது. அம்மா மீன் குழம்பு எடுத்து வைத்திருந்தாள். மாமா கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடாமலே போனார். அதன்பிறகு எங்கள் வீட்டில் அவர் சாப்பிட்டதே இல்லை. அம்மாதான் அவ்வப்போது திருவொற்றியூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். நான் மட்டும் அவரை நம்பவே இல்லை. தப்பு செய்யாதவர் எதற்காக 'என் தப்பு' என்று சொல்ல வேண்டும்?

இப்போது நான் லோடு வண்டி ஓட்டுகிறேன். போன மாதம் அதே வேலையை நானே செய்தேன். என் மனைவி சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். போன் அடித்ததும் காலை எடுத்துவிட்டாள். பாட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்த எண்ணெய், காற்றுக் குமிழிகளோடு டியூப் வழியாகச் சர்ரென்று சக்கரத்துக்கே திரும்பி ஓடியது. கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு அது கண்ணெதிரில் தெரிகிறது.

"இன்னாய்யா, அதயே பாத்துக்கினு கீற?" என்றாள்.

மாமா அன்றைக்கு உட்கார்ந்திருந்ததும் இந்த இடத்தில்தான்.