சந்தனம் பூசிய அம்பாசடர்

காலை 6.15க்குத் தாம்பரத்தில் காஞ்சிபுரம் பஸ் ஏறினோம். நான், அம்மா, மெக்கானிக் சலீம் பாய், நாலாவதாக ஒரு புது பேட்டரி. பேட்டரிக்கு முப்பது ரூபாய் லக்கேஜ் டிக்கெட் கிழித்த கண்டக்டர், அதை வைக்க மட்டும் இடம் காட்டவில்லை. வாலாஜாபாத் வரை காலை நீட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைய எரிச்சலுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அப்பா போன பிறகு அம்மா டாக்ஸியாக ஓட்டிய அம்பாசடர் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் நிற்கிறது. கோயில் பார்க்க வருகிறவர்களை அதில்தான் மாகறலுக்கும் கூரத்துக்கும் ஏற்றிப்போய் என்னைப் படிக்க வைத்தார். எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தபோது, பட்டுத்தறி வைத்திருக்கும் தன் தம்பி முருகேசன் மாமாவிடம் வண்டியை விட்டு, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு வந்தார். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. இப்போது மாமாவுக்கு இன்னும் இரண்டு தறி போட அந்த இடம் வேண்டுமாம். நாளைக் காலையில் காயலான் கடைக்காரன் வருகிறான்.

அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. முழுதாக மறைவதற்குள் அந்த வண்டியில் ஒரு தடவை மாகறல் போக வேண்டும் என்பது ஆசை. ஆனால் பஸ்ஸிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "உயிர் இருந்தா எடுத்துக்கினு வரலாம். இல்லன்னா அங்கியே வுட்டுடு."

8.40க்குக் காஞ்சிபுரம். அங்கிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். அம்மா மாமா வீட்டுக் கூடத்தில் உட்கார, நாங்கள் பின்னால் தறிக்கொட்டகைக்குப் போனோம். மாமா தார்ப்பாயை விலக்கினார். வண்டியில் தூசு இல்லை. முகப்பில் சந்தனம், குங்குமம், போன ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை. மாமாவுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் சலீம் பாய் பானட்டைத் திறந்தார். உள்ளேயும் சந்தனம்! வருடா வருடம் மஞ்சள் தண்ணீர் தெளித்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு பாகத்துக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, அதற்குள்ளேயும் ஒன்று. காய்ந்த சந்தனம் அடை அடையாகக் கிடந்தது.

"ஒரு தடவைகூட ஸ்டார்ட் பண்ணலையா, மாமா?"

"பண்ணா ரிப்பேர் ஆயிடும்னுதாம்மா தொடவே இல்ல. ஆனா பூஜ மட்டும் ஒரு வருசம் வுட்டதில்ல," என்றார், பெருமையாகவே.

பக்கத்திலேயே தறி. அதன் தலையில், புடவைக்கு டிசைன் எடுக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு வாரம் தவறாமல் எண்ணெய் போடுகிற மனுஷர் இவர். இரும்புக்கு எண்ணெய் வேண்டும் என்று இவருக்குச் சொல்லித்தரவா வேண்டும்? சோறு போட்ட தறிக்கு எண்ணெய், எங்களுக்குச் சோறு போட்ட வண்டிக்குப் பொட்டு. தாய்மாமா என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சலீம் பாய் சந்தனத்தைச் சுரண்டினார். பிளக் துளைகளில் எண்ணெய் விட்டு ஊற வைத்தார், பெட்ரோல் டேங்கைக் கழுவினார். ஒரு மணிக்குப் புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பியபோது வண்டி முனகிவிட்டு அடங்கியது. காயலான் கடைக்காரனை இன்றைக்கே வரச் சொல்லிவிடலாமா என்று மாமா கேட்டார். சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் கொட்டகையை விட்டு நகரவில்லை.

3.20க்கு வண்டி இருமியது. இன்னொரு தடவை இருமி, கொட்டகை முழுக்கப் புகையைக் கக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. சலீம் பாய் முகம் கரிக்குள் சிரித்தது. மாமா வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார்: "பூஜ போட்டது வீண் போகல பாத்தியா?" நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சத்தம் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

பிரேக் வேலை பாக்கி என்பதால் தாம்பரம் வரை வண்டியை லாரியில்தான் கொண்டுபோக வேண்டும், மாகறல் அடுத்த மாதம் என்று சலீம் பாய் சொன்னார். அம்மா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, தடவாமலே சோக் குமிழைக் கண்டுபிடித்து உள்ளே தள்ளினார். சத்தம் சீரானது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மோந்து பார்த்தார்.

"சந்தனம் நல்லா மணக்குது, முருகேசா. ஆயில் எப்ப மாத்தின?"

மாமா தறியைப் பார்த்தார். பதில் வரும்வரை அம்மா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை.