அரை டசின் இத்தாலிய வசனங்கள்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது ஐம்பது. தூறல். பாரிசின் லா சப்பல் மெற்றோப் படிகளை எண்ணியபடி இறங்கி, பக்கத்து மளிகைக் கடைக்குள் ஒதுங்கினேன். யாரோ மூட்டுவலிக்குப் பூசும் நோவெண்ணெய்ப் போத்தலொன்றை விழுத்தி உடைத்திருந்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் வரதனின் நினைவு வந்துவிட்டது.

2010இல் வன்னியிலிருந்து வந்து என் அறையில் தங்கியவன் அவன். ஆட்கள் ஐந்து, மெத்தை நான்கு. அவனுக்கு வதிவிட அட்டை வேண்டும். அதற்குச் சம்பளத் துண்டுகள் வேண்டும். நான் கோப்பை கழுவிய இத்தாலிய உணவகத்தில் ஓர் இடம் காலியானது. முதலாளிக்கு உதைபந்தாட்டம்தான் உயிர். அதைப் பற்றி அவருடைய மொழியில் உற்சாகமாகப் பேசியவனை அவர் திருப்பி அனுப்பியதில்லை. நான் பாரிசுக்கு வருமுன் மூன்று வருடம் இத்தாலியின் பலெர்மோவில் வீடு துடைத்தவன். (இதை உங்களுக்கு முன்பே சொல்லியிருப்பேன், வயதாகிவிட்டது.) கற்பிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

"இம்பத்சிஸ்கோ பெர் இல் கல்ச்சோ. உதைபந்தெண்டால் எனக்கு விசர் எண்டு அர்த்தம். சொல்லு."

செத்தவீட்டில் துக்கம் விசாரிப்பவன்போலச் சொன்னான்.

"கையை உயத்தடா. முகத்திலை கொஞ்சம் சந்தோசத்தைக் காட்டு."

"அது எந்தக் கடையிலை அண்ணை விக்குது? எனக்கு வொலிபோல்தான் தெரியும். முழங்காலுக்கை ஷெல் துண்டு வேறை கிடக்கு."

"மட்ச் பாக்கிறதுக்கு முழங்கால் என்னத்துக்கு?"

ஐந்து வசனம் எழுதிக் கொடுத்தேன். அதுவே போதும். ஆனால் எதுவும் ஒற்றை எண்ணில் நின்றால் எனக்குப் பொறுக்காது. கரண்டிகளைக்கூட இரட்டையாகத்தான் அடுக்குவேன். ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: ஒவ்வொரு ஞாயிறும் நான் விளையாடுவேன்.

முதலாளி அவனைக் கட்டிப்பிடித்தார். வேலையும் கொடுத்தார், உணவகத்தின் ஞாயிற்றுக்கிழமை அணியிலும் சேர்த்துவிட்டார்.

"முழங்காலைக் காட்டி ஏலாதெண்டு சொல்லு," என்றேன்.

"இப்ப சொன்னால் பொய்யன் எண்டு கலைச்சுப்போடுவார். நீங்கள் எண்ணையைப் பூசுங்கோ அண்ணை."

நான்கு ஞாயிறு பூசினேன். ஐந்தாம் ஞாயிறு மைதானத்தின் நடுவில் விழுந்தான். பந்து அவனுக்கு அருகில்கூட இல்லை. இனி நின்று வேலை செய்ய முடியாது என்றார் மருத்துவர். பரீட்சார்த்தக் காலம் முடியாததால் இடம் இன்னொருவனுக்குப் போனது. வரதன் கையில் மிஞ்சியது ஒரேயொரு சம்பளத் துண்டு. அட்டை கிடைக்கவில்லை.

புறநகரான லெ பிளாங்-மெனிலில் யாரோ தெரிந்தவருடைய அறைக்குப் போகப் புறப்பட்டவன், வாசலில் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு இரண்டு கையையும் உயர்த்தினான். "இம்பத்சிஸ்கோ பெர் இல் கல்ச்சோ!" அன்றுதான் சரியாகச் சொன்னான். சிரித்தான் வேறு. என்னால் சிரிக்க முடியவில்லை.

ஏழு மாதம் தொலைபேசி எடுத்தான். பிறகு அந்த இலக்கமே பாவனையில் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றார்கள் இரண்டு பேர். லண்டனில் கண்டேன் என்றார் ஒருவர். முதலாளி இறந்துவிட்டார். உணவகம் இருந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். அறையிலிருந்த ஐவரில் இந்தத் தெருவில் மிஞ்சியிருப்பது நான் மட்டும். இத்தாலியம் பேச எனக்கு ஆளில்லை.

"ஆருக்கண்ணை நோ?" என்று கேட்டார் கடைக்காரர், நான் எடுத்து வைத்த போத்தலைப் பார்த்து.

சில்லறையை எண்ணி வைத்தேன். ஆறு யூரோ நாற்பது சதம்.