எழும்பாத சஜ்தா

கற்பிட்டியில் கச்சான் காற்றை நம்பிப் பிழைத்தவன் ஸப்ரான். சண்டை முடிந்து வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியதும், வாப்பாவின் வள்ளத்தை விட்டுவிட்டு அவர்களுக்குக் கைட் பழக்கப் போனான். காலில் பலகை, கையில் பெரிய பட்டத்தின் கயிறு. களப்புத் தண்ணீருக்கு மேலே இரண்டு ஆள் உயரம் எழும்புவான். கரையில் யாராவது படம் பிடித்தால் இன்னும் ஓர் ஆள் உயரம் கூடும். அந்தக் கெறு, அந்த வீம்பு, பிறவியிலேயே வந்தது.

அப்படி எழும்பிய ஒரு நாள் காற்று சட்டென்று விழுந்தது. அவன் விழுந்த இடத்தில் முழங்கால் தண்ணீர்தான். இடுப்புக்கு மேலே நாரி எலும்பு நொறுங்கிவிட்டது. கொழும்பில் ஆணி இறுக்கி, இடுப்புக்குப் பட்டி போட்டு அனுப்பினார்கள். குனியக் கூடாது, கதிரையில் குந்தியிருந்துதான் தொழ வேண்டும், பொறுமையாக இருந்தால் மறுபடி தண்ணீரில் இறங்கலாம் என்றார் டொக்டர். ஸப்ரானுக்குக் கடைசிச் சொல் மட்டும்தான் காதில் ஏறியது. மற்றதெல்லாம் அவன் மனைவி அமானியின் தலையில்.

அவள்தான் புரட்டினாள், குளிப்பாட்டினாள், தோளைக் கொடுத்து நடக்கப் பழக்கினாள். நோன்பு முடிவதற்குள் தடி ஊன்றிக் கரைவரை போய் வந்தான். ஊரே சந்தோஷப்பட்டது.

பெருநாள் காலையில் தொழுகைத் திடலுக்கு அவள் ஒரு பிளாஸ்டிக் கதிரையை ஓட்டோவில் கொண்டு வந்தாள்.

"கெழவன்மாரோட என்னையும் குந்த வெக்கப் பாக்கிறியா? கொண்டு போ புள்ள," என்றான்.

புதுச் சட்டை புடைத்துத் தெரிகிறதென்று பட்டியை வீட்டிலேயே கழற்றி வைத்திருந்ததை அவளிடம் சொல்லவில்லை. முதல் வரிசையில், கூட்டாளி ஹாசிமுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

கடைசி சஜ்தாவில் நெற்றியை நிலத்தில் வைத்தவன் எழும்பவில்லை. இமாம் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தும் நெற்றி பாயிலேயே இருந்தது. யாரோ அவன் தோளைத் தொடப் போனார்கள்.

"சுக்ர் சஜ்தா செய்றான், விடுங்க," என்று தடுத்தான் ஹாசிம். அல்லாஹ் நடக்க வைத்ததற்கு நன்றி சொல்கிறான் என்று நினைத்துப் பின்னால் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குத்பாப் பிரசங்கமும் தொடங்கிவிட்டது. அத்தனை ஆண்களில் ஒருவனுக்காவது மூளை வேலை செய்திருக்கக் கூடாதா? நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பெண்கள் பக்கத் திரையை விலக்கிக்கொண்டு அமானி ஓடி வந்தாள்.

"அவர் இவ்வளவு நேரம் துஆக் கேக்கிற ஆளில்ல! புடிங்க அவர!"

வலியில் அவனுக்குச் சத்தமே வரவில்லை. முகத்துக்குக் கீழே பாய் நனைந்திருந்தது.

உள்ளே ஆணி கழன்றிருந்தது. மறுபடி வெட்டினார்கள். இடது காலுக்கு உயிர் திரும்பவில்லை. இப்போது கரைக் கொட்டிலில் குந்தியிருந்து மற்றவர்களின் கிழிந்த கைட்டுகளை ஒட்டிக் கொடுக்கிறான். பள்ளிவாசலில் வரிசைக் கடைசியில் அதே பிளாஸ்டிக் கதிரை. சஜ்தாவுக்குத் தலையைக் கொஞ்சம் சாய்ப்பான், அவ்வளவுதான்.

கடலுக்குப் போக முடியாதது கவலைதானே என்று, மூத்தவன் என்ற உரிமையில், ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கடல் கெடக்கட்டும் நாநா," என்றான். "அண்டைக்கு நெத்தி நிலத்துல பட்ட நேரம், யாரு யாரு என்னப் பாக்கிறாங்க எண்டுதான் நெனச்சிட்டு இருந்தேன். அதுதான் கடைசி எண்டு தெரிஞ்சிருந்தா, அல்லாஹ்வ நெனச்சிருப்பேனே."