படுத்த அன்னம்

பட்டு நெசவாளர் சங்கத்தில் நான் ஆர்ட்டிஸ்டாகச் சேர்ந்த புதிது. தற்காலிக வேலைதான். சங்கம் திறக்கப்போகும் புதுக் கடைக்கு ஒரு மார்க், அதாவது சின்னம், வரைய வேண்டும், அது தேறினால் வேலை நிரந்தரம் என்றார்கள். எனக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

அழகாக ஓர் அன்னம் வரைந்து கமிட்டி முன்னால் வைத்தேன். தலைவர், டைரக்டர்கள் எல்லோரும் தறிக்காரர்கள். தலைவர் முகம் சுளித்தார்.

"இன்னாபா, நின்னுக்கினு இருக்குது?"

தறியில் புடவை நீளவாக்கில் ஓடும். ஆகவே புடவையின் உடலில் வரும் மயில், அன்னம் எல்லாவற்றையும் படுத்தவாக்கில்தான் நெய்வார்கள். பெண்கள் உடுத்தினால் தானாக நிமிர்ந்துவிடும். அந்தக் கணக்கில்தான் அவர் கேட்டார்.

"ஐயா, இது புடவைக்கு இல்லீங்க. கடை போர்டுக்கு."

"எதுக்கா இருந்தா இன்னா? டிசைனுக்குன்னு ஒரு மொற இருக்குதுல்ல. படுக்க வைப்பா."

படுக்க வைத்தேன். மொத்தக் கமிட்டியும் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பார்த்தது. "இப்பதான் களையா இருக்குது" என்று பாஸ் செய்துவிட்டார்கள். சங்கத்தின் பெயரோடு போர்டும் அப்படியே எழுதி மாட்டியாகிவிட்டது.

பக்கத்துச் செவிலிமேட்டிலிருந்து வந்த ஓர் அம்மா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். "கோயில் தெருவுல கோழிக்கறிக் கடையா தொறக்கிறீங்க?" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

திறப்பு விழாவுக்கு மெட்ராஸிலிருந்து கைத்தறித் துறை அதிகாரி வந்தார். என் வேலை உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. போர்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏன்யா இது படுத்துக் கிடக்கு?"

தலைவர் அசரவில்லை. "கட்டினா எழுந்துக்கும் சார்."

"போர்டை யாருய்யா கட்டப்போறா? அதை நிமித்துங்க. அப்புறம்தான் ரிப்பன் வெட்டுவேன்."

போச்சு, வேலையும் போச்சு, கல்யாணமும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். தலைவர் நிதானமாக, "ஏணி எடுத்தாங்கபா" என்றார்.

போர்டைக் கழற்றினார்கள். நெட்டுக்குத்தலாகத் திருப்பி மாட்டினார்கள். அன்னம் கம்பீரமாக எழுந்து நின்றது. சங்கத்தின் பெயர் படுத்துக்கொண்டது.

அதிகாரி தலையைத் தோளில் சாய்த்துப் பெயரைப் படித்தார். "ம், இப்ப சரி" என்று ரிப்பனை வெட்டி, என் உத்தரவிலும் கையெழுத்துப் போட்டார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் வரைந்த மார்க்கை யாராவது நன்றாக இருக்கிறது என்றால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் அவர் கழுத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.