கிணற்றில் விழுந்த யானை

காலையில் கைப்பேசியில் அன்றைய கார்ட்டூனைத் தேடிக்கொண்டிருந்தபோது, துபாயிலிருந்து நூர்ஜஹான் ஒரு பழைய படத்தொடரை அனுப்பினாள். மூன்று கட்டங்கள். கிணற்றுக்குள் யானை. பார்த்ததும் எனக்குச் சீரக வாசனை அடித்தது.

நீடாமங்கலத்தில் அவள் அத்தா மளிகைக்கடை வைத்திருந்தார். கடைக்கு வரும் பேப்பரில் படத்தொடரை மட்டும் அவள் தினமும் வெட்டி நோட்டில் ஒட்டுவாள். மிச்சப் பேப்பரில்தான் அத்தா பொட்டலம் மடிப்பார். எங்கள் வீட்டில் பேப்பர் வாங்குவதில்லை. அவள் காட்டினால்தான் எனக்குக் கதை. அந்த நோட்டை என்னைத் தொடக்கூட விடமாட்டாள், அவளேதான் புரட்டுவாள். எனக்கு வயிறு எரியும்.

ஒருமுறை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக அவள் நாகூர் போயிருந்தாள். எங்கள் வீட்டில் அவர்கள் கடைச் சீரகப் பொட்டலத்தைப் பிரித்தால், வெட்டாத படத்தொடர். ஊர்க்காரர்கள் வைக்கோலைக் கட்டுக்கட்டாகக் கிணற்றில் போட, யானை அவற்றின் மேல் ஏறி வெளியே வந்தது. அவள் நோட்டில் யானை விழுந்த நாள் இருந்தது, மறுபடி நடந்து போன நாள் இருந்தது. இது மட்டும் இல்லை.

"எப்படிடி வெளிய வந்துச்சு? உங்க வீட்டுக்கு வந்த பொட்டலத்துல பாத்தியா?" என்று ஊர் திரும்பியதும் கேட்டாள்.

"எனக்கு எப்படிடி தெரியும்?"

அந்தத் துண்டு இன்னும் என் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

இன்று அனுப்பிய படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: "பழசையெல்லாம் நெட்ல போட்டுட்டாங்க. பாவம், உனக்கும் இத்தனை வருஷமா தெரியாதுல்ல. அதான் மொதல்ல உனக்கு அனுப்புறேன்."

என்னிடம் மட்டும் இருந்தது அது ஒன்றுதான்.

"அட, வைக்கோலா," என்று பதில் போட்டேன்.