நான் கையில் பிடித்த டிரிப்ஸ் பாட்டில்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஒத்துக்கொள்கிறேன்.

சித்திரை வெயிலில் ஸ்ரீரங்கம் கோயில் வரிசையில் நின்ற அப்பா மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அப்பாவோடு ஆறு கட்டிலும் நிறைந்துவிட்டது. நர்ஸ் ஒரே ஒருவர்தான். அப்பாவுக்கு டிரிப்ஸ் ஊசி குத்தியதும் அடுத்த கட்டிலுக்குக் கிளம்பினார்.

"இவர் இன்னும் கண்ணே தொறக்கல. நீங்க பாட்டுக்குப் போறீங்களா?" என்று கத்தினேன்.

அவர் பாட்டிலை என் கையில் கொடுத்தார். "உயரமாப் பிடிங்கண்ணா. கை இறங்கினா ரத்தம் ட்யூப்ல ஏறிடும்."

கத்துவதை விட்டுவிட்டு, பாட்டிலை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். போன் மணி, அழுகை, மெஷின் சத்தம். இத்தனைக்கும் நடுவே, சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகும் வழியில் மயங்கி, கடைசிக் கட்டிலில் கிடந்த ஒரு அம்மாவின் மூச்சு மாறியது நர்ஸ் காதில் விழுந்தது. ஓடிப்போய் ஆக்சிஜன் வைத்து டாக்டரைக் கூப்பிட்டார். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

அப்பா கண் திறந்த பிறகுதான் கவனித்தேன், என் முதுகுக்குப் பின்னாலேயே பாட்டில் மாட்டும் ஸ்டாண்டு காலியாக நின்றது.

"இது இருக்கே, சிஸ்டர்?"

"நீங்க கத்தினா எனக்கு அவங்க மூச்சு கேக்காதுண்ணா," என்று சிரித்தார்.

அங்கே ஆறு நோயாளிகள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். ஏழாவதாக என்னையும் அவர் கவனித்திருக்கிறார்.